ஆண்டியும் நாயும் அங்கதனும்

தமிழருக்கு நையாண்டி அந்நியம் என்று நிறுவக் கிளம்பிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். முதலில் பாராட்டிவிடுகிறேன். அகராதியைத் திறக்காமலே நாலைந்து சொற்களுக்குக் குலம், கோத்திரம், பிறந்த நட்சத்திரம் எல்லாம் கணித்துக் கொடுத்திருக்கிறார் கட்டுரையாளர். கைதேர்ந்த சோதிடர்கூட ஜாதகக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். இவருக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

அவர் வாதத்தை அவருக்கு அநியாயம் வராமல் சுருக்கிச் சொல்கிறேன். நையாண்டி என்றால் 'நைந்த ஆண்டி', அதாவது இல்லாதவனின் வயிற்றெரிச்சல். நக்கல் என்றால் நக்குவது, அதாவது நாயின் தொழில். அங்கதம் என்றால் இராவணன் சபையில் அங்கதன் பேசிய பேச்சு, ஆகவே வடக்கிலிருந்து வந்தது. சட்டயர் என்றால் கிரேக்க நாட்டு ஆட்டுக்கால் பூதங்களின் கூத்து, ஆகவே மேற்கிலிருந்து வந்தது. நான்கையும் கூட்டினால் கிடைக்கும் விடை: பெரியவர்களைக் கேலி செய்வது நம் பண்பாட்டில் இல்லாதது, பத்திரிகைகளால் ஒட்டிய நோய், எனவே தலைவர்களைக் கேலி செய்கிறவர்களைச் சட்டம் போட்டு அடக்க வேண்டும். ஆண்டியில் தொடங்கிய மொழியாராய்ச்சி காவல் நிலையத்தில் போய் முடிகிறது. போகும் வழியில் எத்தனை இடத்தில் சறுக்கியிருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஆண்டியிடமிருந்தே தொடங்கலாம். 'நை'யையும் 'ஆண்டி'யையும் சேர்த்தால் நையாண்டி வரும். இலக்கணப்படி தவறில்லை, வினைத்தொகை. ஆனால் பிரிக்க முடிகிறது என்பதாலேயே அப்படித்தான் பிறந்தது என்று ஆகாது. அதற்கு அந்தச் சொல் அந்தப் பொருளில் எங்காவது வழங்கியிருக்க வேண்டும். நைந்துபோன ஆண்டி ஒருவரை யாராவது நையாண்டி என்று அழைத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டாவது வேண்டும். கட்டுரையில் ஒன்றுகூட இல்லை. அவர் முறைப்படி போனால் நகையையும் நகைச்சுவையையும் ஒரே கடையில் எடை போட்டு வாங்கலாம். அடகுக் கடையில் சங்கிலியை வைத்தவர் சிரிப்பையும் வைத்துவிட்டு வந்ததாகக் கணக்கு எழுதலாம்.

சரி, ஆண்டியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்டி என்றால் தமிழில் இழிவா? கையில் தண்டோடு பழனி மலைமேல் நிற்பவன் யார்? பட்டும் பொன்னும் பூட்டி இராஜ அலங்காரம் செய்து பார்த்த பிறகும் பக்தர்கள் அந்த ஆண்டிக் கோலத்தைத்தானே தேடி மலையேறுகிறார்கள்? ஒரு சொல்லைக் கீழே தள்ள ஆண்டியைத் துணைக்கு அழைத்தவர், ஆண்டிக்கு இந்த ஊரில் உள்ள செல்வாக்கை மறந்துவிட்டார்.

நையாண்டி என்ற சொல் இன்றும் உயிரோடு புழங்கும் இடம் நையாண்டி மேளம். தென்மாவட்டங்களில் கோயில் திருவிழா என்றால் கரகாட்டம், கரகாட்டம் என்றால் நையாண்டி மேளம். நாயனம், தவில், பம்பை, தாளம் என்று கூடி நிற்கும் அந்தக் குழுவை வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, தேதி குறித்து அழைத்து வருகிறார்கள். கோமாளி ஒரு கேள்வியை வீசுவார். நாயனக்காரர் வாயால் பதில் சொல்ல மாட்டார். குழலிலேயே அந்தக் கேள்வியை இழுத்து, நெளித்து, கோணலாக்கித் திருப்பி அனுப்புவார். தவில் அதற்கு ஓர் அடி சேர்க்கும். அதில் அகப்படுகிறவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவராகவும் இருக்கலாம். ஊர் சிரிக்கும், அவரும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் அடுத்த சுற்றிலும் அவர்தான். இது வயிற்றெரிச்சல்காரனின் புலம்பலா? சாமிக்கு எடுக்கும் விழாவில், ஊர்ப் பொதுப் பணத்தில், ஊரே கேட்டு வாங்கும் கலை இது. கட்டுரையாளர் ஒரு திருவிழா இரவில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும். வராமலேகூடப் போயிருக்கும்.

அடுத்து நாய். நக்கல் என்பது நாக்கால் நக்குவதிலிருந்து வந்தது என்கிறார். பள்ளியில் இலக்கணம் நடத்திய ஆசிரியர் இதைக் கேட்டால் வருந்துவார். புகு என்ற வினைக்கு இறந்தகாலம் புக்கான். மிகு என்பதற்கு மிக்கான். தொகு என்பதற்குத் தொக்கான். நகு என்பதற்கு? நக்கான். நகு என்றால் சிரி. பழைய இலக்கியத்தில் ஒருவர் 'நக்கு' ஏதோ சொன்னார் என்று வந்தால், சிரித்தபடி சொன்னார் என்று பொருள். சிரிப்பைக் குறிக்கும் சொல்லுக்குச் சிரிப்பிலேயே வேர் இருக்கும்போது, அதைத் தாண்டி ஓடி நாயின் வாயில் போய்த் தேடியிருக்கிறார். நாயைத்தான் பார்த்தாக வேண்டும் என்று அவருக்கு வேண்டுதல் இருந்திருந்தால், 'லொள்ளு' என்ற சொல் அவருக்காகவே காத்துக் கிடந்தது. உண்மையிலேயே நாய் குரைக்கும் சத்தத்திலிருந்து பிறந்த சொல் அது. கையில் கிடைத்ததை விட்டுவிட்டு இல்லாததைப் பிடிக்கப் போனது ஆராய்ச்சியின் துரதிர்ஷ்டம்.

இனி அங்கதம். இங்குதான் கட்டுரையாளர் தம் முழு பலத்தையும் இறக்கியிருக்கிறார். இறக்கிய இடம் புதைசேறு. அங்கதன் தூது போனான், இராவணனை இகழ்ந்து பேசினான், அதனால் இகழ்ச்சிப் பேச்சுக்கு அங்கதம் என்று பெயர் வந்தது என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, கதாகாலட்சேபத்தில் சொன்னால் கைதட்டுகூடக் கிடைக்கும். ஆனால் வடமொழியில் அங்கதம் என்பது தோளில் அணியும் வளை. வாலி மகனின் பெயரும் அந்தச் சொல்தான். வசை, கேலி என்ற பொருள் அங்கே அதற்குக் கிடையாது. கடன் வாங்கிய சரக்கு என்று சொல்கிறவர், கடன் கொடுத்தவர் வீட்டில் அந்தச் சரக்கு இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, அது இங்கே என்ன வேலை செய்தது என்பதுதான் கேள்வி. அதற்குத் தொல்காப்பியம் தெளிவாகவே பதில் சொல்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகையைச் செய்யுளியல் அடுக்குகிறது. ஆறாவதாக உட்கார்ந்திருக்கிறது அங்கதம். நூலுக்கும் பழமொழிக்கும் சமமாக அதற்கும் ஒரு நாற்காலி. அதோடு விடவில்லை. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கிறது. அங்கதச் செய்யுள் எதனோடு சேர்ந்து வரும் என்று சொல்லும்போது வசையை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தவில்லை, நசையையும் சேர்க்கிறது. நசை என்றால் விருப்பம். வெறும் வெறுப்பில் பிறப்பது அங்கதம் ஆகாது, எதையோ விரும்புகிறவன்தான் அது கெடும்போது இகழ்வான் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. தமிழில் இல்லாத ஒன்றுக்கு இலக்கணக்காரர் பெயர் வைத்து, வகை பிரித்து, இயல்பும் சொல்லிவிட்டுப் போனார் என்றால் கட்டுரையாளர் நம்புவார். நமக்குக் கொஞ்சம் கஷ்டம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும் அவர் புரட்டவில்லை. எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் நிற்பது நகை. நகை தோன்றும் நான்கு இடங்களில் முதலில் நிற்பது எள்ளல். இளமை, பேதைமை, மடன் எல்லாம் அதற்குப் பிறகுதான். உரையெழுதிய பேராசிரியர் இந்த எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது இன்னொன்று. இரண்டாவது வகையைக் கட்டுரையாளர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கட்டுரை முழுவதிலும் இல்லாமல் போனது அதுதான்.

இலக்கணம் இருக்கிறது, இலக்கியம் எங்கே என்பார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் என்ன செய்தார் என்று புறநானூற்றின் 95ஆம் பாடலில் பார்க்கலாம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். ஔவை முறைக்கவில்லை, மிரட்டவில்லை, புகழ்கிறார். உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, மாலை அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இவ்வளவுதான். ஒரு வசைச்சொல் இல்லை, ஒரு குற்றச்சாட்டு இல்லை. நீ போர்க்களத்தையே பார்த்ததில்லை என்ற செய்தி மட்டும் தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிடுகிறது. மன்னனின் முகத்துக்கு எதிரே, அவன் அரண்மனையில் நின்று, ஒரு பெண் செய்த கேலி இது. பெரியவர்களைக் கேலி செய்வது நம் பண்பாட்டில் இல்லை என்று சொல்ல ஔவையாரை முதலில் நாடு கடத்த வேண்டும்.

காளமேகத்தையும் கூடவே அனுப்பிவிடலாம். நாகையில் காத்தான் சத்திரத்தில் சோற்றுக்குக் காத்திருந்து காத்திருந்து பசியில் பாடியதாக ஒரு வெண்பா அவர் பேரில் உண்டு. பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கும், இலையில் ஓர் அகப்பை விழும்போது வெள்ளி முளைக்கும். சத்திரத்துச் சமையல் வேகத்துக்கு இதைவிடச் சுருக்கமான சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை. மானம் போகிறதே என்று காத்தான் வந்து கெஞ்சியதும், அதே பாட்டுக்குக் காளமேகம் வேறு பொருள் சொன்னாராம். நாட்டில் அரிசியே அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து சேரும், அதைச் சமைத்துப் போட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன்னால் வெள்ளி மீன் நாணும். ஓரெழுத்துகூட மாறவில்லை, வசை புகழாகிவிட்டது. கதை எந்த அளவு நடந்தது என்பது இங்கே முக்கியமில்லை. இப்படியொரு கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்த மக்களுக்குக் கேலி அந்நியம் என்று சொல்வதுதான் இதைவிடப் பெரிய நகைச்சுவை.

கட்டுரையாளர் கையில் வைத்திருக்கும் ஒரே உருப்படியான சான்று வள்ளுவர். விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறது 995ஆம் குறள். உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் புத்தகத்தை அந்த இடத்திலேயே மூடிவிட்டார். அதே பண்புடைமை அதிகாரத்தில் இன்னும் நான்கு குறள் தள்ளிப் படித்திருந்தால், சிரித்துப் பழகத் தெரியாதவர்களுக்குப் பட்டப்பகலும் இருட்டே என்று 999 சொல்வது கண்ணில் பட்டிருக்கும். பக்கத்தைக்கூடப் புரட்டியிருக்க வேண்டியதில்லை. வள்ளுவர் இகழ்ச்சியை விலக்குகிறார், சிரிப்பைப் பண்பின் அடையாளமாகவே வைக்கிறார். இரண்டும் ஒன்று என்று நினைப்பது வாசகரின் கோளாறு.

வள்ளுவரே எள்ளியதில்லையா என்றால், கயமை அதிகாரத்தைப் படிக்கலாம். கயவர்கள் பார்ப்பதற்கு மனிதர்களைப் போலவே இருக்கிறார்கள் என்று வியக்கிறார். நல்லது தெரிந்தவர்களைவிடக் கயவர்களே பாக்கியசாலிகள், அவர்கள் நெஞ்சில் எந்தக் கவலையும் இல்லையே என்கிறார். கயவர்களும் தேவர்களைப் போன்றவர்கள், இருவரும் மனம் போனபடி நடக்கிறார்கள் என்கிறார். ஒரே வீச்சில் கயவரைத் தேவராக்கியதுபோல் காட்டி, தேவர்களையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிற ஆள் வள்ளுவர். பழிகரப்புக்குப் பாடநூல் எழுத வேண்டுமென்றால் அந்த அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். மாணவர் பட்டியலில் கட்டுரையாளர் பெயரை முதலில் சேர்க்கலாம்.

ஆட்டுக்கால் பூதத்தையும் விட்டுவைக்க வேண்டாம். சட்டயர் என்ற ஐரோப்பியச் சொல் கிரேக்கக் கூத்தின் சட்டிர்களிடமிருந்து வந்தது என்று அவர் எழுதியிருப்பது, ஐரோப்பாவே நானூறு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பிழை. ஐசக் கசோபன் என்ற அறிஞர் 1605இல் நூல் எழுதி, அந்தச் சொல் 'சட்டுரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பலவகைப் பண்டம் நிறைந்த தட்டு என்பதுதான் அதன் பின்னணி என்று காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் நடந்ததுதான் நமக்குப் பாடம். சட்டயர் என்றால் காட்டுப் பூதத்தின் குரல் என்று நம்பிய கவிஞர்கள், கரடுமுரடாகவும் கடுகடுவென்றும் எழுதுவதே அந்த வகையின் இலக்கணம் என்று வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள். 1599இல் கேன்டர்பரி பேராயரும் லண்டன் ஆயரும் இனி இந்த வகை நூல்களையே அச்சிடக் கூடாது என்று தடை போட்டு, கையில் கிடைத்தவற்றை எரிக்கவும் வைத்தார்கள். தவறான வேர் எழுத்தையும் கெடுத்தது, தடையாளர்களுக்கும் வசதியாக இருந்தது. கட்டுரையாளர் அந்தப் பழைய தவற்றை இறக்குமதி செய்து, கூடவே அந்தப் பழைய தடையையும் கேட்கிறார். இரண்டும் ஒரே கப்பலில் வருவது தற்செயல் இல்லை.

இருபதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் கொண்டுவந்த நோய் என்கிறாரே, அதையும் பார்ப்போம். பத்திரிகை கொண்டுவந்தது கருத்துப்படத்தை. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி வெள்ளை ஆட்சியைப் படம் போட்டுக் கேலி செய்தார். வடிவம் புதிது, குணம் பழையது. அதே பாரதி 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன்தாரையும் அவர் காலடியில் கிடந்து கவி பாடியவர்களையும் கிழித்துத் தோரணம் கட்டினார். அங்கே மேல்நாட்டு வாடை ஏதும் இல்லை, உள்ளூர் ஜமீன் வாடைதான். நகைச்சுவையை முன்வைத்துத் தொடங்கிய பத்திரிகை ஒன்று 'விகடன்' என்ற பெயரையே தேர்ந்தெடுத்தது. விகடம் செய்கிறவன் யார் என்று வாசகருக்கு விளக்கவுரை எழுத வேண்டிய தேவை வரவில்லை. தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்த வீடுகள் அவை.

கேலியைத் தண்டிக்க வேண்டும் என்ற யோசனையும் புதிதில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது அதன் சாரம். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே அவர் வெளியே வந்தார். அந்தத் துணுக்கைப் பார்த்திராதவர்களும் அதற்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கப் போன சபை, அந்தச் சிரிப்புக்கு விளம்பரச் செலவை ஏற்றுக்கொண்டது. கட்டுரையாளர் கேட்கும் சட்டம் வந்தால் இந்தச் செலவு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஏறும்.

கேலி எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கறுத்த தோல், பருத்த உடம்பு, திக்கும் நாக்கு, பிறந்த சாதி ஆகியவற்றை வைத்துத் தமிழ்த் திரைப்படம் பல பத்தாண்டுகளாகச் சிரிப்பு மூட்டி வந்திருக்கிறது. திருப்பி அடிக்க முடியாதவனை, அவன் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றுக்காக எள்ளுவது அது. வள்ளுவர் 995இல் சொன்ன இகழ்ச்சி இதுதான். கண்டிக்க வேண்டும் என்றால் இங்கே கண்டிக்க ஏராளம் இருக்கிறது. ஆனால் கட்டுரையாளரின் கோபம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மனம் புண்படுவதெல்லாம் தலைவர்களுக்காக. பாதுகாப்புப் படை சூழ, ஆளுயர மாலையோடு வலம் வருகிறவர்களுக்கு ஒரு கேலிச் சித்திரம் வலிக்கும் என்று கவலைப்படுகிறவருக்கு, பள்ளிக்கூட வாசலில் நிறத்துக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளையின் வலி கண்ணில் படவில்லை. அவருடைய வாதத்தில் சொல்லாராய்ச்சியைவிடப் பெரிய ஓட்டை இது.

தலைவர்களைக் கேலி செய்வது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அது அவர் விருப்பம், யாரும் குறுக்கே நின்றிருக்க மாட்டோம். அந்த விருப்பத்துக்கு மரபு என்று பெயர் சூட்டி, தொல்காப்பியத்தைத் திறக்காமலே அதன் பேரில் பேசி, வள்ளுவரைப் பாதியில் மூடிவைத்ததால்தான் இந்த எதிர்வினை. எள்ளப்பட்டபோது தானும் நகுவது என்ற பேராசிரியரின் இரண்டாம் வகை மட்டும் நம் தலைவர்களுக்குக் கைவந்துவிட்டால், அவர் கேட்கும் சட்டத்துக்கு வேலையே இருக்காது. அதுவரை கேலி செய்கிறவர்களுக்குத்தான் வேலை இருக்கும்.